கேசட்டில் எழுதாத பெயர்

போன வருஷம் எங்க பேட்டில் ஒரு சாவு. கிருமாம்பாக்கத்தில் சேரியை நாங்கள் பேட் என்றுதான் சொல்வோம். பாகூர் பக்கத்தில் பல ஊருக்கு இப்படி ஒரு வால் உண்டு. ஊர் ஒன்று, அந்த ஊருக்கு ஒரு பேட். பந்தலில் ஸ்பீக்கர் பெட்டி வைத்துக் கானாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பதினோரு மணி இருக்கும். யாரோ ஒரு பையன் செல்போனில் தேடி ‘மனுசங்கடா’ பாட்டைப் போட்டான். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலை தூக்கினார்கள். பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். “செமையா இருக்குதுண்ணா. எந்தப் படம்?” என்றான்.

படம் இல்லடா என்றேன்.

“அப்ப ஆல்பமா? யாரு பாடனது?”

கே.ஏ. குணசேகரன் என்றேன். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தப் பாட்டை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற எங்கள் பேட்டிலேயே பாதிப்பேருக்கு அந்தப் பெயர் தெரியாது. எனக்கே ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது. எங்களிடம் வந்து சேர்ந்த கேசட்டின் மேல் பெயர் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேசட் வந்தது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1991-இலோ அதற்கு அடுத்த வருஷமோ. கடலூரில் வேலை பார்த்த ஒரு அண்ணன் கொண்டுவந்தார். காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். பாட்டுக்கு நடுவே கரகரவென்று சத்தம் வரும். சில இடத்தில் குரல் தண்ணிக்குள் போன மாதிரி அமுங்கும். மன்றத்தில் இருந்த டூ-இன்-ஒன்னில் அதைப் போட்டுப் போட்டு நாடா மசிந்து போச்சு. பென்சில் விட்டுச் சுத்திச் சுத்தி மறுபடியும் போடுவோம். இப்படித்தான் அந்தக் குரல் எங்களுக்கு வந்தது. ரேடியோவில் வரவில்லை, டி.வி.யில் வரவில்லை, சினிமாக் கொட்டகையில் வரவில்லை.

இந்த இடத்தில் எங்க அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மேளம் அடித்தவர். ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். போய் அடிக்கணும். கூலி என்று பேச முடியாது, கொடுக்கிறதை வாங்கிக்கணும். வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது சின்னப் பையனாக நான் பக்கத்தில் நிற்பேன். அந்தச் சூட்டில் தோல் இறுகி, விரலால் சுண்டினாலே ‘ணங்’ என்று பேசும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அந்தச் சத்தத்தோடு அப்பா ஊர்த் தெருவுக்குள் போகிறபோது அவர் முதுகு வளைவது எனக்குப் பிடிக்காது. எண்பதுகளில் எங்க மன்றத்துப் பசங்க கூடி முடிவெடுத்தார்கள்: இனிமேல் ஊர்ச் சாவுக்கு மேளம் கிடையாது. சரியான முடிவுதான். பெரிய சண்டைக்குப் பிறகு அது நின்றது. அப்பா பறையைப் பரணில் போட்டார். எலி கடித்தது. அதை எடுத்து ஒட்டுப்போட அவர் நினைக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அப்புறம்தான் கேசட் வருகிறது. அதில் தோல் கருவியின் அடி கேட்கிறது! எந்தச் சத்தத்தை அடிமைத்தனம் என்று நிறுத்தினோமோ அதே சத்தம், நாங்களும் மனுசர்தான் என்று சொல்கிற பாட்டுக்குப் பின்னால் வருகிறது. மன்றத்தில் அன்றைக்கே வாக்குவாதம். “நம்மள மறுபடியும் மேளம் அடிக்கச் சொல்றாங்களா?” என்று ஒருத்தர். “சாவுக்கு அடிச்சாதான் இழிவு, நமக்காக அடிச்சா அது ஆயுதம்” என்று இன்னொருத்தர். திண்ணையில் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். “அடி சரியா வருது. ஆனா தோலு காயல. இன்னும் கொஞ்சம் தீ காட்டியிருக்கணும்.” அரசியல் விவாதத்துக்கு நடுவே ஒரு கலைஞன் சொன்ன விமர்சனம் அது. அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் கதை இது. 1955-இல் இளையான்குடிக்குப் பக்கத்தில் மாரந்தை என்ற ஊரில் பிறந்தவர். அன்றைக்கு அது ராமநாதபுரம் மாவட்டம், இன்றைக்குச் சிவகங்கை. இளையான்குடி முஸ்லிம்கள் நிறைந்த ஊர். அங்கே பழகிய வீடுகளில் இல்லாத சாதி, உறவுக்காரர்களின் கிராமங்களுக்குப் போகும்போது எப்படிக் கழுத்தைப் பிடித்தது என்று 2005-இல் வந்த ‘வடு’ என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்கு என்று சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க வைத்ததையும் அதில் படிக்கலாம். அதைப் படித்தவர்களில் எத்தனை பேர் ‘என்னையும்தான்’ என்று புத்தகத்தை மூடி வைத்திருப்பார்கள்! ஒரு பாடகன் எங்கிருந்து குரலை எடுத்தான் என்பதற்கும் அந்தப் புத்தகம்தான் சாட்சி. வறுமைதான் வீடு, பாட்டுதான் வெளியே போகக் கதவு. படிப்பு சிவகங்கை, மதுரை என்று போனது. கூடவே இடதுசாரி மேடைகளில் பாட்டு.

அந்த மேடையைப் பற்றி நம்முடைய இசை வரலாறுகள் சரியாகப் பேசுவதில்லை. அறுபதுகளில் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடினார். 1973-இல் இறந்துபோனார். அவருடன் பாடிய தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது, இளையராஜா வந்தார், கிராமத்து மெட்டு சினிமாவுக்குள் போய்த் தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. மேடையிலிருந்து சினிமாவுக்குப் போன வழி அது. குணசேகரன் அதே மாதிரி மேடையில் பாடியவர், ஆனால் ஆராய்ச்சிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போன வழி அவருடையது. இதில் எது பெரிது என்று தராசு தூக்க நான் வரவில்லை. ஒன்று மட்டும் உறுதி: சினிமாவுக்குப் போன மெட்டுக்கு இசைத்தட்டின் மேல் பெயர் இருந்தது. மேடையில் நின்ற மெட்டுக்கு அது இல்லை.

‘தன்னானே’ என்று ஒரு கலைக்குழு கட்டினார். பெயரைப் பாருங்கள். நடவுக்காரி பாட்டுக்கு முன்னால் இழுக்கிற சந்தம் அது, அதற்கு அகராதியில் பொருள் கிடையாது. குழுவின் வேலையைச் சினிமாக்காரர்கள் பாஷையில் சொன்னால் பாடகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் மூணும் ஒருத்தரே. பாட்டைத் தேடிச் சேர்ப்பது, அதற்கு ஆள் பிடிப்பது, பழக்குவது, மேடை ஏற்றுவது, கேசட்டாகப் பதிவுசெய்வது என்று அத்தனையும் குழுவின் தலையில்தான். கேசட் என்ற சாமான் எண்பதுகளில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததால்தான் இது முடிந்தது. அதற்கு முன்னால் இசைத்தட்டுப் போடப் பெரிய கம்பெனி வேண்டும். கேசட்டுக்கு ஒரு ரெக்கார்டிங் அறையும் கொஞ்சம் காசும் போதும். ஒருத்தன் காசு கொடுத்து வாங்கினால் ஐம்பது பேர் காப்பி எடுத்துக்கொள்வான். தயாரிப்பாளருக்கு நஷ்டம், பாட்டுக்கு லாபம்!

‘மனுசங்கடா’ பாட்டை எழுதியவர் இன்குலாப். கீழக்கரைக்காரர், இயற்பெயர் சாகுல் அமீது, சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மெட்டமைத்துப் பாடியவர் குணசேகரன். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அந்த நினைவோடு சேர்த்துத்தான் இந்தப் பாட்டு இன்றைக்கும் பேசப்படுகிறது. கீழக்கரையும் இளையான்குடியும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். அந்த வறண்ட பூமியில் பிறந்த ஒரு முஸ்லிம் கவிஞரும் ஒரு தலித் பாடகரும் சேர்ந்து செய்த பாட்டு, கிழக்குத் தஞ்சையின் சாம்பலைச் சுமந்துகொண்டு, கரும்பும் நெல்லும் விளைகிற எங்க பாகூர் பக்கம் வந்து சேர்ந்தது.

அந்த மெட்டு ஏன் பிடித்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூட்டமாகப் பாட முடியும், அதுதான் முதல் விஷயம். சங்கீதம் தெரிய வேண்டியதில்லை. ஒருத்தர் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்ளலாம், நடவு வயலில் செய்கிற மாதிரி. குரலும் அப்படித்தான். தொண்டையைச் சுருக்கி, இனிப்பாக்கி, கேட்கிறவனுக்குப் பணிந்து பாடுகிற குரல் இல்லை. வயிற்றிலிருந்து எடுத்துத் திறந்த வாயால் பாடுவது. வயல் வெளியில் அந்தக் கரையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரல் அது. கேட்டதும் இது நம்ம ஆள் என்று தெரிந்துவிடும். பெயர் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் கேட்காமலே விட்டோமோ என்னவோ.

நான் அந்தப் பாட்டைக் கல்லூரியில் பாடப் போனேன். எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டாம். ஆண்டு விழாவில் நாட்டுப்புறப் பாடல் போட்டி. பெயர் கொடுத்தேன், ஒத்திகையில் நாலு அடி பாடியிருப்பேன். பொறுப்பாக இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, சாதிப் பாட்டெல்லாம் வேணாம். நாட்டுப்புறப் பாட்டா ஒன்னு பாடு” என்றார். நாத்து நடுகிறவளைப் பற்றி, மாமன் மகளைப் பற்றிப் பாடினால் நாட்டுப்புறம். அந்த நாத்து நடுகிறவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று பாடினால் சாதி. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்துவிட்டேன். பதில் குணசேகரனின் ஒரு புத்தகத் தலைப்பில் பிறகு கிடைத்தது: ‘சேரிப்புறவியல்’. நாட்டுப்புறவியல் என்ற போர்வையை இழுத்துப் பார், அதுக்குக் கீழே படுத்திருப்பது சேரி என்று அந்த ஒரு சொல் சொல்கிறது. நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் பாட்டை வர்க்கத்தோடு சேர்த்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய காரியம். அந்தப் பாட்டைச் சாதியோடு சேர்த்துப் படிக்கிற வேலை மிச்சமிருந்தது. அதைப் பாடத் தெரிந்த ஒருத்தர் செய்தார் என்பது முக்கியம். பல தொகுப்புகளில் தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும், பாடினவள் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. குணசேகரன் பாடுகிற கூட்டத்திலிருந்தே வந்து தொகுத்தவர்.

மராட்டியத்தில் நிலைமை வேறு. அங்கே அண்ணாபாவ் சாத்தே, வாமன்தாதா கர்டக் போன்ற சாகிர்கள் இருந்தார்கள். அம்பேத்கர் இயக்கத்தின் சேதியைப் பாதிக்கு மேல் படிப்பில்லாத சனங்களிடம் கொண்டுபோனது பாட்டுதான். சாகிர் மரபில் பாடகன் கடைசி அடியில் தன் பெயரை வைத்துப் பாடுவது வழக்கம். பாட்டைத் திருடினால் பெயரும் கூடவே வரும். தெலங்கானாவில் கத்தார் பெயரே ஒரு இயக்கமாக இருந்தது, 2023-இல் அவர் இறந்தபோது சனம் திரண்டது. நம்மிடம் அப்படி ஒரு வழக்கம் இல்லாமல் போச்சு. அதனால் பாட்டு நடந்து போகும், பாடினவன் வீட்டிலேயே இருப்பான்.

அவர் வீடு எங்கே இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநராக இருந்தார். சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதியும் இதே புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. அந்தப் பள்ளியில்தான் குணசேகரன் ஆசிரியராக இருந்தார். அதாவது, நாங்கள் பெயர் தெரியாமல் கேசட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த அதே தொண்ணூறுகளில் அவர் காலாப்பட்டில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்! கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் தவளக்குப்பம், அரியாங்குப்பம், பாண்டி பஸ் ஸ்டாண்ட். அங்கே மாறினால் காலாப்பட்டு. நாங்கள் தெற்குக் கோடி, பல்கலைக்கழகம் வடக்குக் கோடி. ஒரு கேசட் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கடலூர் சுற்றி எங்களிடம் வந்தது, இந்தப் பக்கத்து மனுசரை நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. பல்கலைக்கழக கேட் நமக்கானது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அந்த வருஷங்களில்தான் ‘பலி ஆடுகள்’ நாடகம் வந்தது. தமிழில் தலித் நாடகம் என்று பேச ஆரம்பித்ததே அதிலிருந்துதான். பலிக்கு ஆள் தேடுகிறது சாதி. சுற்றிச் சுற்றி அது கடைசியில் தலித் பெண்ணின் கழுத்தில் வந்து நிற்கிறது. எதிரியை மட்டும் திட்டிவிட்டுப் போகாமல் நம் வீட்டு ஆம்பிளையையும் கூண்டில் ஏற்றிய நாடகம். ‘தலித் அரங்கியல்’ என்று ஒரு நூலும் எழுதினார். இவற்றைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன, நான் நீட்டவில்லை. என் வருத்தம் வேறு. நாடகாசிரியர் குணசேகரனைப் பற்றி ஆய்வேடு உண்டு, ‘வடு’ எழுதியவரைப் பற்றி உண்டு. அந்த நூல் வே. காதம்பரியின் மொழிபெயர்ப்பில் 2009-இல் ஆங்கிலத்துக்கும் போனது. பாடகர் குணசேகரனை, மெட்டுப் போட்ட குணசேகரனை இசைக்காரராக யார் எழுதினார்கள்? சங்கீதக்காரர்களுக்கு அவர் பேராசிரியர். பேராசிரியர்கள் பலருக்கு அவர் பாட்டுக்காரர். 2008-இல் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் போனபோதும் செய்தித்தாள்களில் ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்ற பட்டம் கூடவே போனது. கர்நாடக சங்கீதம் பாடுகிறவர் இசைக் கலைஞர், நம்ம ஆள் பாடினால் அதற்கு ஒரு புறம் வேண்டும்.

பறை விவாதம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இன்றைக்குப் பறை கல்லூரி விழாவில் அடிக்கிறது, சென்னையில் பயிற்சி வகுப்பு நடக்கிறது, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். தன்னானே போன்ற குழுக்கள் அன்றைக்கு மேடையில் ஏற்றாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் எங்க மன்றத்துப் பசங்க நிறுத்தியதும் தப்பில்லை. இழிவாக அடித்த கை முதலில் நிற்க வேண்டியிருந்தது. நின்ற பிறகுதான் வேறு மாதிரி அடிக்க முடியும். இரண்டுக்கும் நடுவே எங்க அப்பா மாதிரி ஒரு தலைமுறை சும்மா உட்கார்ந்தது. அவர் அடிகளில் எத்தனை வகை இருந்தது என்று நான் எழுதி வைக்கவில்லை. அவர் போய்விட்டார்.

பெயர் விஷயம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைச் சென்னையில் மேடை ஏற்றியது. கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் ஒரே மேடையில். அதிலிருந்து வந்த அரக்கோணத்து அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய ‘என்ஜாயி எஞ்சாமி’ 2021-இல் உலகமே கேட்ட பாட்டானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை அதில் இருக்கிறது. அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய இசை இதழ் அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவு இல்லை. சண்டை வந்த பிறகுதான் அவர் படத்தோடு தனி அட்டை வந்தது. கேசட் போய் யூடியூப் வந்தாச்சு, கோடிக்கணக்கில் எண்ணிக்கை காட்டுது. பெயரைக் கேட்டு வாங்க இன்னும் சண்டைதான் போட வேண்டியிருக்கிறது. ஒரு வித்தியாசம், இப்போது சண்டை போட ஆள் இருக்கிறது.

2016 பொங்கல் சமயத்தில் குணசேகரன் புதுச்சேரியில் இறந்துபோனார். அறுபது வயதுதான். அதே நாட்களில்தான் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்த செய்தியும் வந்தது. எங்க பக்கத்துப் பசங்க ரோகித்துக்காக நடந்த கண்டனக் கூட்டத்துக்குப் பாண்டிக்குப் போனார்கள். நானும் போனேன். கூட்டம் முடிகிற நேரம் யாரோ எடுத்துக் கொடுக்க எல்லாரும் ‘மனுசங்கடா’ பாடினோம். தொண்டை கிழியப் பாடினோம். பாடி முடித்து டீ குடிக்கும்போதுதான் பக்கத்தில் நின்ற ஒருத்தர் சொன்னார், இந்தப் பாட்டைப் பாடினவர் இந்த வாரம்தான் போனார், இதே ஊரில் என்று. அந்த வருஷம் முடிவதற்குள், டிசம்பர் 1-ஆம் தேதி இன்குலாபும் போய்விட்டார்.

இதையெல்லாம் சாவு வீட்டுத் திண்ணையில் அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவன் செல்போனை எடுத்து அந்தப் பாட்டைத் தேடினான். யாரோ ஏற்றி வைத்திருந்தது, கீழே எந்தப் பெயரும் இல்லை. “நான் போடட்டுமாண்ணா?” என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தான். “குணசேகரனுக்கு மூணு சுழி ணாவா, ரெண்டு சுழி னாவா?”

முதல்ல மூணு, கடைசில ரெண்டு என்றேன்.